ஐந்தடி வெட்டவெளி

1917 மார்ச் 14, புதன்கிழமை, காலை ஒன்பது மணி. பதுளைக் கடைத்தெருவில் ஜௌபர் ஹாஜியாரின் அரிசிக் கடைக்குப் பின்னுள்ள ஒற்றை அறையை அளக்கச் சுகாதார அதிகாரி வந்து நிற்கிறார். சன்னலில்லாத அறையில் மனிதர் குடியிருக்கலாகாது என்பது புதிய சட்டம். ஆகவே, அங்கே ஒன்பது ஆண்டுகளாக வாடகைக்கிருந்து இடியப்பம் விற்கும் உம்மு குல்தூம், இன்று விடிந்ததும் அலவாங்குக் கடப்பாரையை எடுத்து மண்சுவரில் தானே ஒரு சன்னலைத் திறந்துவிட்டாள். அவளுடைய நகங்களில் செம்மண் அப்பியிருக்கிறது. இதுவரை வெயிலே கண்டிராத இடியப்பத் தட்டுகளின்மேல் ஒரு விரற்கடை வெளிச்சம் கிடக்கிறது. "என்ட செவர ஒடச்சிப் போட்டியே, இது ஒன்ட வாப்பாட சொத்தாடி?" என்று ஹாஜியார் பல்லைக் கடிக்கிறார். "சன்னல் வெச்சித் தாரேன், வெச்சித் தாரேன்டு மூணு மாசமா ஏய்ச்சீங்க. நானே வெச்சிட்டேன், கூலியத் தாங்க ஹாஜியார்" என்கிறாள் அவள். அதிகாரி அளவு நாடாவைத் திறப்புக்கு வெளியே நீட்டுகிறார். இரண்டடியிலேயே அது அடுத்த கடையின் சுவரில் முட்டி வளைகிறது. "சன்னலுக்கு வெளிய அஞ்சடி வெட்டவெளி இருக்கணும். இது செல்லாது." "மாசம் ரெண்டு ரூவாக்கு இந்த டவுன்ல எனக்கு வேற அறை எங்க சேர் இரிக்கி?" அதிகாரி நாடாவைச் சுருட்டுகிறார். ஹாஜியார் தாடியைத் தடவிக்கொள்கிறார்.

அறை குடியிருக்கத் தகாதது என்றும், ஒரு வாரத்தில் அவள் வெளியேற வேண்டும் என்றும் முடிவாயிற்று. அரிசி மூட்டைகளுக்குச் சன்னல் வேண்டியதில்லை. எனவே அறையைக் கிடங்காக்க ஹாஜியாருக்கு அனுமதி கிடைத்தது. உடைத்த சுவரை அவளே அடைத்துப் பூசிக் கொடுத்துவிட்டுப் போனாள்.