பத்து டின் பக்தி

ரெம்பாவ் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் மர மண்டபத்துக்குப் பூச, தீப்பிடிக்காத பூச்சு பத்து டின் வந்தது.

“செடியிலருந்து எடுத்ததுலா. விஷமில்ல, நிறமில்ல. பூசுன மரம் எரியவே எரியாது!” என்றார் கோயில் தலைவர் திருச்செல்வம்.

அந்த வாரமே தீமிதி. தலைவரையும் சேர்த்துப் பத்துப் பேர் தீயில் இறங்கவேண்டும். என்னைக் கேட்காமலே என் மனைவி குமுதவல்லி வேண்டிக்கொண்டதால் நானும் ஒருவன்.

அன்று லாரி லாரியாகக் கற்பூரம் கொட்டியும் விறகு பற்றவில்லை.

“தெய்வக்குத்தம்! இந்த வருசம் வேணாம்லா,” என்றார் தலைவர்.

“என் பாதம் துடிக்குதே தலைவரே!” என்று நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் நாங்கள் பத்துப் பேரும் மண்டபத்துக்குப் பூசப் போனால், பத்து டின்னும் காலி.

“எவன்டா எடுத்தது?” என்று பூசாரி கத்தினார்.

சத்தியமாக, நான் விறகில் பூசியது ஒரே டின்தான். திரும்பிப் பார்த்தேன். மற்ற ஒன்பது பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.