தலைக்கு இரண்டு ரொட்டி

‘யாரை வேண்டுமானாலும் கேட்கட்டும், விரல் ராணியை மட்டும் கேட்டுவிடக் கூடாது’ என்று மனசுக்குள் கும்பிட்டபடியே டீச்சர் மாவில் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் ஒரு கரண்டி கூடுதலாகவே விழுந்தது.

கல்வி அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வகுப்பறை மூலையிலிருந்த அடுப்பு மேடையைச் சுற்றி வந்தார். ஒரே அறை, ஒரே டீச்சர், பதிவேட்டில் பத்துப் பெயர். பத்தில் ஒன்று குறைந்தாலும் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு என்று மேலிடத்து உத்தரவு.

பூட்டிவிட்டால் அடுத்த பள்ளிக்கூடம் எட்டு கிலோமீட்டர். நடுவில் லாரிகள் பறக்கும் பெரிய ரோடு. பாதிப் பிள்ளைகள் அத்தோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிடும், முதல் ஆள் விரல் ராணியாகத்தான் இருப்பாள்.

அவளுக்கு எட்டு வயது. ஐந்தும் மூன்றும் எத்தனை என்றால் பத்து விரலையும் விரித்து முதலிலிருந்து எண்ணுவாள், பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். ‘இதுக்குப் படிப்பு ஏறாது’ என்று இன்னொரு பள்ளிக்கூடம் கைகழுவிய பிள்ளை. அவளுக்காகத்தான் டீச்சர் கணக்கையே அடுப்பங்கரைக்குக் கொண்டுவந்தாள். கரண்டியில் காலும் அரையும், மாவு உருண்டையில் பெருக்கல். இரண்டு வருஷம் ஆகியும் அந்த விரல்கள் மடங்கியபாடில்லை.

“ஒன்பது பேர்தானே நிக்கிறாங்க?” என்றார் அதிகாரி.

“ஒரு பையனுக்குக் காய்ச்சல் சார்.” காலையில் தூசி தட்டித் துடைத்து வைத்த பத்தாவது தட்டை டீச்சர் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள்.

“காய்ச்சல் என்ன, நம்மளைக் கேட்டுட்டா வருது?” என்று சிரித்தவர், சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தார். “தலைக்கு இரண்டு ரொட்டி. வராதவருக்கும் உண்டு. அட, லீவு போட்டவனுக்குமா?”

“வீட்டுக்குக் குடுத்து அனுப்பிடுவோம் சார். சாப்பாட்டுக் கணக்குல ஒருத்தரையும் விடக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

மனுஷனுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. “எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு, கணக்குன்னா வேப்பங்காய். உங்ககிட்டதான் அனுப்பணும் போலருக்கே!” என்றபடி பதிவேட்டை மேடை மேல் விரித்துப் பேனா மூடியைக் கழற்றினார். டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கையெழுத்துப் போடக் குனிந்தவர் என்ன நினைத்தாரோ, மறுபடி நிமிர்ந்தார்.

“பாப்பா, நீ சொல்லு. உங்க வகுப்புக்கு இன்னைக்கு மொத்தம் எத்தனை ரொட்டி சுடணும்?”

கேட்டது விரல் ராணியைத்தான். அவள் மாவுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கண்ணை இறுக மூடினாள். உதடுகள் மட்டும் அசைந்தன.

“பதினெட்டு சார்!”

மற்ற எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள்.

“பத்துப் பேர், தலைக்கு ரெண்டு. இருபது இல்லையா பாப்பா?” என்றார் அதிகாரி பொறுமையாக. “வராதவனுக்கும் உண்டுன்னு நீங்கதானே எழுதிப் போட்டிருக்கீங்க?”

டீச்சர் முந்திக்கொண்டாள். “அவளுக்குக் கணக்கு வராது சார். எப்பவும் இப்படித்தான், வாய்க்கு வந்ததைச் சொல்லுவா. இருபதுதான் சார். இருபதுன்னு சொல்லுடி!”

விரல் ராணியின் முகம் சுருங்கிப்போயிற்று. ஊரே மக்கு என்று சொன்னபோதும் சொல்லாத ஒரே ஆள் டீச்சர்தான். இப்போது அந்த வாயும் சொல்லிவிட்டது. சொன்ன நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது டீச்சருக்கு.

“சரி விடுங்க, சின்னப் புள்ளைதானே” என்று அதிகாரி பேனாவைத் தாளில் வைத்தார்.

“தப்பில்ல சார்!” விரல் ராணி ஓடிவந்து மேடையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டி நின்றது. “டீச்சர், இன்னைக்கு நான் விரலே விடாம மனசுலயே போட்டேன். ஒன்பது பேருக்குப் பதினெட்டுதான் வருது.”

“அப்போ காய்ச்சல்ல படுத்திருக்கானே, அவனோட ரெண்டு ரொட்டி?” என்றார் அதிகாரி.

“அவன் ஊரை விட்டே போயி ஆறு மாசம் ஆச்சே சார்!”