பிஞ்ஞாணம் வந்த வழி

இன்றும் செல்லபாய் கஞ்சியைப் பிஞ்ஞாணத்தில்தான் கொண்டுவந்தாள்.

நீலக்கரை போட்ட பீங்கான் கிண்ணம். என் முன்னால் வைத்துவிட்டு, நாலடி விலகிக் கதவருகே போய் நின்றாள்.

காசநோய் ஆசுபத்திரியில் இரண்டு வருடம் நான் இப்படிப்பட்ட ஒன்றில்தான் குடித்தேன். குடித்து முடித்ததும் அதைக் கொதிநீரில் போடுவார்கள்.

கிருமி இல்லை என்று டாக்டர் எழுதித் தந்த சீட்டோடு சித்திரையில் வீடு வந்தேன். அன்று செல்லபாய், கல்யாணத்தில் எங்கள் பெயர் வெட்டி வாங்கிய வெண்கலக் கிண்ணங்களைப் புளி போட்டுத் துலக்கினாள். என் பெயர் உள்ளதில் எனக்கு ஊற்றினாள். தன்னுடையதை எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

மூன்று மாதம் அப்படி. ஆடியில் திடீரென்று இந்தப் பிஞ்ஞாணம் வந்தது. மகள் பேபியையும் இரவு தன் தங்கை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினாள்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியவற்றைப் புத்தகங்களில் தேடுவது என் வழக்கம். பிஞ்ஞாணம் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். அகராதி கைவிட்டது. தக்கலையில் புத்தகக்கடை வைத்திருக்கும் யூசுப்புக்குப் பாரசீகம் தெரியும். அவருக்குக் கடிதம் போட்டேன். இன்று காலை பதில் வந்தது.

பாரசீகத்தில் அது பிங்கான். பேச்சிப்பாறை அணைத் தண்ணீருக்கு நாம் முறை வைப்பதுபோல அங்கேயும் வாய்க்கால் தண்ணீருக்கு முறை உண்டாம். அடியில் துளையிட்ட ஒரு கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்க விடுவார்களாம். நீர் மெல்ல உள்ளே ஏறும். கிண்ணம் மூழ்கினால் ஒருவர் முறை முடிந்தது. அடுத்தவர் முறை.

மூன்று முறை வாசித்தேன். ஒரு சொல் கடல் தாண்டி வந்த வழி தெரிந்துவிட்டது. அடுக்களையிலிருந்து என் கிண்ணம் என் கைக்கு வரும் வழி தெரியவில்லை.

"ஏட்டி, டாக்டர் தந்த சீட்டு உனக்கு வெறும் கடுதாசியா?"

"கஞ்சி ஆறுது. குடிச்சிட்டு, அந்தப் பிஞ்ஞாணத்துக்கு அப்பன் ஆருன்னு பொஸ்தகத்துல தேடுங்க."

பிஞ்ஞாணத்தைத் தூக்கினேன். கஞ்சி கையில் சிந்திச் சுட்டது. அடுக்களைக்கு நடந்தேன். அதை அங்கே உடைத்துவிட்டு என் கிண்ணத்தை எடுத்துக்கொள்வது என்று முடிவு.

"அங்க போவாதீங்க" என்று பின்னால் ஓடிவந்தாள்.

மேல்தட்டில் என் வெண்கலக் கிண்ணம் கவிழ்ந்திருந்தது. எடுத்தேன். பக்கத்தில் அவளுடையதும் கவிழ்ந்திருந்தது. அவள் பெயரெழுத்துக்களில் தூசி நிறைந்திருந்தது.

அடுப்பில் ஒரு பானை கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குள் ஏதோ கடகடவென்று முட்டியது.

எட்டிப் பார்த்தேன். இன்னொரு நீலக்கரைப் பிஞ்ஞாணம்.

"இது ஆருக்கு?"

அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். அடக்கியும் அடங்காமல் வந்தது. வார்டில் இரண்டு வருடம், ஒவ்வொரு கட்டிலிலிருந்தும் நான் கேட்ட இருமல்.

ஓய்ந்தபின், திரும்பாமலே சொன்னாள்.

"எனக்க கையில இருந்து உங்களுக்கு மறுபடியும் வந்திரப்பிடாதுல்லா."