இரண்டாவது சாம்பிள்

ஐந்தாவது முறையும் அதே இடத்தில்தான் பிழை என்றது கணினி.

வீரலட்சுமி கையை எடுத்துவிட்டு அந்தச் சின்னக் கீபோர்டை முறைத்தாள். எண்களுக்கென்று வலப்பக்கம் இருக்கும் தனிக் கட்டம் இதில் கிடையாது. ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு ஸ்விட்ச். அழுத்தினால் டக்கென்று சத்தம். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குட்டி விளக்கு. வேண்டிய நிறத்தில் எரிய வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு ஜோடனை செய்த பொருள் உள்ளே ஒழுங்காக இருக்காது என்று பார்த்தவுடனே அவளுக்குத் தோன்றியிருந்தது.

சோதனை எளிதானது. தாளில் உள்ள வரியைப் பார்த்து அடிக்க வேண்டும். கணினி ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லும். எழுத்துகள் எல்லாம் சரி. எண்களில் இரண்டு முதல் பூஜ்யம் வரை சரி. ஒன்றாம் எண் மட்டும் பிழை.

திரையில் ஒன்றாம் எண் ஒழுங்காகத்தான் விழுந்தது. அதுதான் சந்தேகத்தைக் கூட்டியது. வெளியே நல்லபடியாகக் காட்டிவிட்டு உள்ளே வேறு எதையோ அனுப்புகிறது.

கேபிளைக் கழற்றி மாட்டினாள். கீபோர்டைக் கவிழ்த்துக் காதோரம் குலுக்கினாள். பக்கத்து மேசைக் கணினியில் செருகி அடித்தாள். பிழை.

முதலில் தன் விரலைச் சந்தேகிப்பதுதான் அவள் பழக்கம். மாலை டைப்ரைட்டிங் வகுப்பில் செய்யும் தப்புகளை அன்றன்றைக்குத் தேதி போட்டு நோட்டில் எழுதி வைப்பவள். ஆனாலும் லோயர் தேர்வில் முதல் வகுப்பு. அதை வைத்துத்தான் இரண்டு மாதம் முன்பு இந்தச் சோதனை மேசையே கிடைத்தது. இந்த மாதக் கடைசியில் நிரந்தரமாக்குவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். குனிந்து பார்க்காமல் அடிக்கிறவள் கீபோர்டு பொருத்தும் இந்த ஷெட்டில் அவள் ஒருத்திதான்.

அப்படியானால் தப்பு பொருத்தியவளுடையது.

பொருத்திய ரூபி, மேசைக்கு அந்தப் பக்கம் துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். சாம்பிளில் பிழை வந்தால் பொருத்தியவரை அன்றே வேலையிலிருந்து நிறுத்திவிடுவது இங்கே வழக்கம். கான்ட்ராக்ட் பெண்களுக்கு அதற்கு ஒரு கடிதம்கூடக் கிடையாது.

காலையிலிருந்து ரூபி யார் முகத்தையும் பார்த்துப் பேசவில்லை. அதையும் வீரலட்சுமி கவனித்து வைத்திருந்தாள்.

சூப்பர்வைசர் நாராயணப்பன் எட்டிப் பார்த்தார். “என்னம்மா, திருவிழா சீரியல் செட்ட வேடிக்க பாக்கற மாதிரி ஒக்காந்துட்ட? பாஸா பெயிலா, சொல்லிடு. சாம்பிள் ஏத்தின வண்டி ஜூஜுவாடி செக்போஸ்ட்டுல மாட்டுச்சுன்னா பெங்களூருக்கு நாளைக்குத்தான்.”

வீரலட்சுமி சோதனைத் தாளில் 14.7.2009 என்று தேதி போட்டு எழுதினாள்: ஒன்றாம் எண் விசை, தவறான இணைப்பு, பெயில். கையெழுத்தும் போட்டாள்.

ரூபி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

பாக்கி இருந்தது விளக்குச் சோதனை. பெயிலான பொருளுக்கு அது எதற்கு? ஆனால் தாளில் ஒரு கட்டத்தைக் காலியாக விட வீரலட்சுமிக்கு மனம் வராது. அழுத்தும் விசை மட்டும் சிவப்பாக எரியும்படி வைத்தாள். விளக்குகளைப் பார்த்துக்கொள்ளுமாறு ரூபியிடம் சொல்லிவிட்டு, தாளில் வைத்த கண்ணை எடுக்காமல் அதே வரியை அடித்தாள்.

“அக்கா, ஒண்ணு அந்தக் கோடியில இல்ல இருக்கு? நீங்க அடிக்கறப்ப இங்க எரியுதே.”

வீரலட்சுமி குனிந்தாள்.

இடது மேல் மூலையில் ஒன்றாம் எண் விசை இருட்டாக இருந்தது. அவளுடைய வலது மோதிர விரலுக்கு அடியில் ஆங்கில எல் சிவந்திருந்தது.

வகுப்பில் உள்ள பழைய டைப்ரைட்டர்களில் ஒன்றாம் எண்ணுக்கு விசையே கிடையாது. அதற்குப் பதில் சின்ன எல் எழுத்தைத்தான் அடிக்க வேண்டும். காகிதத்தில் இரண்டும் ஒரே கோடு. இந்தத் திரையிலும் அப்படித்தான். மற்ற கீபோர்டுகளில் எண்களை வலப்பக்கக் கட்டத்தில் அடித்துவிடுவாள். அந்தக் கட்டம் இல்லை என்றதும், ஒன்றரை வருடம் பழகிய விரல் அவளைக் கேட்காமலே எல்லுக்குப் போயிருக்கிறது.

மூலை விசையை ஆட்காட்டி விரலால் அழுத்தினாள். சிவப்பாக எரிந்தது. சரி என்றது கணினி.

எழுதியதைக் குறுக்கே அடித்துவிட்டு, பாஸ் என்று எழுதினாள்.

ரூபி சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஓட்டமாகப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

நாராயணப்பன் தாளுக்குக் கை நீட்டினார். வீரலட்சுமி கொடுக்கவில்லை.

ரூபி உட்கார்ந்திருந்த அந்த இடம் போன மாதம் வரை மேரிராணியுடையது. இதே கீபோர்டின் முதல் சாம்பிளைப் பொருத்தியவள். ஒழுங்காத்தான் வெச்சேன்க்கா என்று மூன்று முறை சொல்லிவிட்டுப் போனவள். அந்தத் தாளிலும் இப்போது அடித்துவிட்ட அதே பெயில் வாசகம்தான், இதே கையெழுத்துதான்.

“சார்,” என்றாள் வீரலட்சுமி, “போன மாசத் தாளையும் எடுங்க.”