பேஸ் கிடாரின் இரைச்சல்

இரைச்சல் போகவில்லை.

அவன் கூரையில் ஓடிய மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். ஆம்ப்ளிஃபயர் பக்கமிருந்து ‘ம்ம்ம்’ என்று அதே சன்னமான சத்தம்.

மணி மூன்றரை. நான்கு மணிக்கு மச்சான் வந்து பேஸ் கிடாரை எடுத்துப் போக வேண்டும். ஐந்துக்கு ஒலிப்பதிவு. மனைவியின் தம்பியை ஒரு ஸ்டுடியோ கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

“கொண்டு வாடா, புது பிக்கப் போட்டுத் தர்றேன்” என்று வலியக் கேட்டு வாங்கியது அவன்தான். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் சின்னக் காந்தம்தான் பிக்கப்; அதை மாற்றுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஆறு வாரமாகிவிட்டது.

முதலில் உள்ளே இருந்த ஒயர்களை மாற்றினான். பிறகு மரத்தில் குடைந்த பள்ளம் முழுக்கச் செப்புத்தாள் ஒட்டினான். ஆம்ப்ளிஃபயரில் கரண்ட் வந்தால் எரியும் சிவப்பு விளக்கின் மேல் சந்தேகம் வந்து அதையும் பிடுங்கிப் போட்டான். இரைச்சல் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

நூற்பாலையில் பதினெட்டு வருடமாக மெக்கானிக். காது கிழிய ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்களில் எதில் பேரிங் போயிருக்கிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவான். அந்தக் காதை வைத்துக்கொண்டு ஒரு கிடாரிடம் தோற்பதா?

போன வாரம் மச்சான் வந்து வாசித்துப் பார்த்தான். “நல்லாத்தானே அத்தான் இருக்கு! இன்னும் நோண்டுனீங்கன்னா எனக்கு வெறும் கட்டைதான் மிஞ்சும்” என்று சிரித்தான்.

மனசு நோகக் கூடாதென்று சொல்கிறான். ஸ்டுடியோக்காரனுக்கு யார் மனசைப் பற்றியும் கவலை இருக்காது. இந்த இரைச்சலைக் கேட்டால் பையனை வெளியே அனுப்பிவிடுவான்.

அதனால்தான் இன்று காலையில் மறுபடியும் கம்பிகளைக் கழற்றினான். மூன்று மணி வரை சால்டரிங். பிறகு ஆம்ப்ளிஃபயரைப் போட்டுக் கேட்கத் தொடங்கியவன், இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

வால்யூம் திருகைக் கடைசி வரை குறைத்தான். சத்தம் குறையவில்லை. கம்பிகளைக் கோக்கும் பிரிட்ஜின் உலோகத்தில் விரலை வைத்தான். எர்த் கிடைத்தால் அடங்க வேண்டும். அடங்கவில்லை.

அப்படியென்றால் கேபிள் சொருகும் ஜாக்கில்தான் கோளாறு. சால்டரிங் அயர்னை எடுத்து, ஜாக்கில் இருந்த ஈயப்பொட்டின் மேல் வைத்தான்.

ஈயம் உருகவில்லை.

அழுத்தினான். பிறகு நுனியை விரலால் தொட்டுப் பார்த்தான். சில்லென்று இருந்தது.

அந்த அறையில் பிளக் பாயின்ட் கிடையாது. கூடத்திலிருந்து கதவுக்கடியில் வரும் ஒரே ஒயரில்தான் சால்டரிங் அயர்ன், ஆம்ப்ளிஃபயர் இரண்டும். கதவைத் திறந்தான். மனைவி தேய்த்த சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவனுடைய பிளக் தரையில் கிடந்தது.

“மூணு மணிக்கே புடுங்கிட்டேன். தம்பி சட்டையத் தேய்க்கணும்ல? சொல்லிட்டுத்தான் புடுங்குனேன், உங்க காதுல எங்க விழுது!”

அவன் திரும்பி ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தான்.

‘ம்ம்ம்’ என்றது.

“என்னங்க, சத்தம் நின்னுச்சா இல்லையா? அவன் வந்துருவான்.”

மேசைக்குப் போய் முதல் கம்பியை எடுத்துப் பிரிட்ஜில் கோத்தான். அதை முறுக்கிக்கொண்டே பதில் சொன்னான்.

“நின்னுருச்சு.”

தேவைக்கு மேல் கொஞ்சம் சத்தமாகவே சொன்னான்.