லார்க்கினில் எழுந்து போனவன்

கிரகோரி நாடகம் போடுகிறான் என்று கேள்விப்பட்டதும் கையிலிருந்த பேப்பரைக் கீழே வைத்தேன்.

"எதைப் பத்தியாம்?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"பந்துப் பைத்தியம் புடிச்ச ரெண்டு கூட்டாளிங்க கதையாம். லார்க்கின் ஸ்டேடியம்கூட வருதாம்," என்றாள் செல்வராணி.

போச்சு. அது எங்கள் கதை.

ஜொகூர் மாநிலக் கால்பந்து அணி லார்க்கினில் ஆடினால், எங்கள் ஊர் சிகாமட்டிலிருந்து பஸ் பிடித்துப் போய் ஒன்றாக உட்கார்ந்து கத்தியவர்கள் நாங்கள். இருபது வருடம். எங்கள் பஸ் கூட்டத்துக்கு ஒரே சட்டம்தான்: தோற்றாலும் கடைசி விசில் வரை எவனும் எழுந்திருக்கக் கூடாது.

ஓர் அரையிறுதி ஆட்டம். போனது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். ஜொகூர் இரண்டு கோல் பின்தங்கியிருந்தது. அன்று கிரகோரி பாதியில் எழுந்து போய்விட்டான் என்பது சிகாமட் முழுக்கத் தெரியும். கடை கடையாக ஏறிச் சொன்னவன் நான்தான். அப்புறம் ஜொகூர் மூன்று கோல் போட்டு ஜெயித்ததையும் சேர்த்தே சொன்னேன்.

அதிலிருந்து ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. அவன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசியதும் இல்லை. எனக்கு அதுதான் கூடுதல் எரிச்சல்.

"மேடையில என்னை அசிங்கப்படுத்தினான்னா, எழுந்து நின்னு கத்திடுவேன்."

"கத்துங்க. பல்செட்டை மட்டும் நல்லா அழுத்தி மாட்டிக்கிட்டு வாங்க."

மாதா கோயில் மண்டபத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. சண்டைக்குத் தோதாக ஓரத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

திரை விலகியது. இரண்டு பேர் ஜொகூர் சட்டையில் வந்தார்கள். ஒருவன் பெயர் கிரகோரி. இன்னொருவன் பெயர் செல்லப்பன். என் பெயரையே வைத்துவிட்டான்! தொப்பைக்குத் தலையணை வேறு கட்டியிருந்தார்கள்.

"அலமாக், உங்களை அப்படியே உரிச்சு வச்சிருக்கு!" என்று செல்வராணி சிரித்தாள்.

லார்க்கின் காட்சி வந்தது. இரண்டாவது கோல் விழுந்தது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்தேன். கத்துவதற்கு வாயைக்கூடத் திறந்துவிட்டேன்.

மேடையில் ஒருவன் எழுந்தான்.

"போதும் லா. இந்தக் கண்றாவியப் பார்க்க முடியல. நான் பஸ்ஸுக்குப் போறேன்."

எழுந்தவன் கிரகோரி.

"டேய், விசில் அடிக்கலடா, உட்காருடா!" என்று மேடைச் செல்லப்பன் கெஞ்சினான். அவன் கேட்காமல் போனான். மண்டபமே 'ஊ' என்று கத்தியது. மேடை ஓரத்தில் நின்ற நிஜக் கிரகோரியும் சேர்ந்து சிரித்தான்.

செல்வராணி என்னை இடித்தாள். "பார்த்தீங்களா, மனுஷன் ஊர் முன்னால ஒத்துக்கிட்டாரு. இனியாச்சும் போய்ப் பேசுங்க."

திறந்த வாயை மூடிக்கொண்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். கிரகோரி அந்தத் தொப்பைத் தலையணையின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா இப்படி எழுதினே?"

ஆறு வருடத்தில் நான் அவனிடம் பேசிய முதல் வார்த்தை.

அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உள்ளதை எழுதியிருந்தா, செல்லப்பா, நீ இன்னிக்கும் பாதியிலேயே எழுந்து போயிருப்பே."