பெகு மேல் நின்ற யானை

"தம்பி, இந்த ஊரை மட்டும் அழிச்சிடுங்க!" என்றாள் உமையாள்.

மாரிஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுவரில் அப்போதுதான் மாட்டிய உலகப் படத்தையும் அவள் விரலையும் மாறி மாறிப் பார்த்தான்.

நானூறு வருஷத்துப் பழைய உலகப் படங்களைப் பார்த்து அப்படியே கையால் வரைந்து, வசதியான வீட்டுக் கூடங்களுக்கு விற்பது அவன் தொழில். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்னப் பட்டறை. காகிதத்தைத் தேயிலைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பழுப்பாக்குவது முதல், கடலில் துள்ளும் மீனுக்குச் செதில் போடுவது வரை எல்லாம் அவனே. இந்தப் படத்துக்கு இரண்டு மாதமாக முதுகொடிய உழைத்திருந்தான்.

உமையாளின் கணவர் கண்ணப்பன் ஒரு ஹோட்டலில் அவன் கைவேலையைப் பார்த்து மயங்கிப் போய், பெட்டாலிங் ஜெயாவில் கட்டிய புது வீட்டுக்கென்று சொல்லிச் செய்வித்த படம் அது.

"எந்த ஊரை ஆச்சி?"

"இதோ. பெகு."

"ஐயோ, முடியாது லா! ஒரிஜினல்ல எப்படி இருக்கோ அப்படித்தான் காப்பி. இஷ்டத்துக்கு ஊரைத் தூக்கினா அப்புறம் அது பழைய படமா? நாளைக்கு விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் பார்த்தா என் பேர்தான் கெடும்."

"பேர் கெடாது. அழிச்சிடுங்க. எங்க மாமியார் கோயிலுக்குப் போயிருக்காக. அவுக வர்றதுக்குள்ள முடிக்கணும்."

காசு இருந்தால் உலகத்தையே திருத்தச் சொல்வார்கள் போலிருக்கிறது! மாரிஸ் எரிச்சலை வெளியே காட்டாமல் தூரிகைப் பையை மூடினான்.

"படம் பிடிக்கலைன்னா சொல்லுங்க ஆச்சி. எடுத்துக்கிட்டுப் போயிடறேன். கெடுக்கச் சொல்லாதீங்க."

உமையாள் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"பெகு பர்மாவுல இருக்கு. எங்க மாமனார் அங்கதான் தொழில் பார்த்தாக. அங்கேயே ஒரு பர்மாக்காரியைச் சேர்த்துக்கிட்டாக. ஒரு பையன்கூட உண்டு. யுத்தம் முடிஞ்சும் திரும்பி வரலை. அங்கேயே கண்ணை மூடிட்டாக."

மாரிஸ் மூடிய பையைக் கீழே வைத்தான்.

"நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாளா, அத்தை காதுபட ஒருத்தரும் பர்மான்னு சொன்னதில்லை. அவுகளும் வாயைத் திறந்ததில்லை. எழுத்துக் கூட்டி இங்கிலீஷ் படிப்பாக. தினமும் காலையில எந்திரிச்சு இந்தக் கூடத்துக்கு வந்து இதுலயா முழிக்கணும்? ஆசைப்பட்டு வாங்கினவுகளுக்குக் கண்ணு அந்தப் பக்கமே போகலை. எனக்குப் போயிடுச்சு."

கொஞ்ச நேரத்துக்கு முன் மனசுக்குள் இந்த அம்மாளைத் திட்டியதை நினைக்க மாரிஸுக்கு வெட்கமாக இருந்தது.

"அழிச்சா காகிதம் கிழிஞ்சிடும் ஆச்சி. ஒண்ணு செய்யலாம். அந்தக் காலத்துப் படங்கள்ல காலியான இடத்துல யானை, ஒட்டகம்னு வரைவாங்க. எழுத்து மேலே ஒரு யானையை நிறுத்திடறேன்."

நல்லவேளையாக இன்னும் கண்ணாடி போடவில்லை. சுவரில் மாட்டி வெளிச்சம் பார்த்த பிறகுதான் கண்ணாடி போடுவது அவன் வழக்கம். வண்ணத்தைக் குழைத்தான். தும்பிக்கை, முதுகு, நாலு கால் என்று பெகுவின் மேல் ஒரு கொழுத்த யானை வந்து நின்றது. உமையாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வாசலில் கார் வந்து நின்ற சத்தம். அவள் மாமியார் நாச்சாள் ஆச்சி, நெற்றியில் திருநீறோடு உள்ளே வந்தார்.

"வாங்க அத்தை. படம் வந்திடுச்சு, பாருங்க. தம்பிக்குக் கோப்பி கலந்துட்டு வரேன்" என்று உமையாள் சமையற்கட்டுக்குப் போனாள்.

நாச்சாள் ஆச்சி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தின் அருகில் போனார். மலாயாவில் ஆரம்பித்து மெதுவாக மேலே போன பார்வை யானையிடம் வந்ததும் நின்றுவிட்டது.

"ஈரம் காயலையே தம்பி?"

"ஆமா பெரிய ஆச்சி. இப்பத்தான்... கொஞ்சம் டச்சிங்."

"இதுக்கு அடியிலதானே பெகு இருக்கு?"

மாரிஸுக்குப் பொய் சொல்ல நாக்கு வரவில்லை.

ஆச்சி சமையற்கட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"உமையா சொல்லியிருப்பா. நான் நொந்து போயிடுவேன்னு அவளுக்குப் பயம். பாவம், நல்ல பொண்ணு."

"மன்னிச்சிடுங்க ஆச்சி. யானையை எடுத்திடட்டுமா?"

"வேண்டாம், இருக்கட்டும். எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னா அவ மனசு கஷ்டப்படும். நீ ஒரே ஒரு காரியம் செய். யானை காலடியில சின்னதா ஒரு புள்ளி வை."

"புள்ளியா? எதுக்கு ஆச்சி?"

"எங்க நகரத்தார்ல கல்யாணம் ஆன ஆம்பளை ஒவ்வொருத்தனும் கோயில் கணக்குல ஒரு புள்ளி தம்பி. கண்ணப்பன் ஒரு புள்ளி. பெகுவுல இருக்கிற அவன் தம்பிக்கும் கல்யாணம் ஆயிடுச்சுன்னு காதுல விழுந்துச்சு."

சமையற்கட்டில் கோப்பி ஆற்றும் சத்தம் கேட்டது. ஆச்சி அவசரமாகத் தூரிகையை எடுத்து மாரிஸின் கையில் கொடுத்தார்.

"ஆத்தா பர்மாக்காரிங்கிறதால கோயில்ல அவனைப் புள்ளியில சேர்க்க மாட்டாக. என் வீட்டுச் சுவத்துலயாவது அந்தப் பிள்ளை ஒரு புள்ளியா இருந்துட்டுப் போகட்டுமே!"